யார் ஏறுகிறார்கள், யார் பார்க்கிறார்கள்? இந்தோனேசியாவின் ஆகஸ்ட் 17

1913-ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஒரு பெரிய விழாவுக்குத் தயாரானது. நெப்போலியனின் பிரான்ஸ் பிடியிலிருந்து அந்த நாடு விடுபட்டு நூறு ஆண்டு ஆகியிருந்தது. விழா ஆம்ஸ்டர்டாம், ஹேக் நகரங்களோடு முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடல் கடந்து ஜாவாவிலும் அதைக் கொண்டாட வேண்டும் என்று அங்கிருந்த டச்சுக்காரர்கள் முடிவுசெய்தார்கள். அதற்கு நன்கொடை திரட்டும்போது உள்ளூர் மக்களையும் விட்டுவைக்கவில்லை. தங்களை ஆள்கிறவர்கள் விடுதலை பெற்ற நாளுக்கு ஆளப்படுகிறவர்கள் பணமும் கொடுக்க வேண்டும், கூடிநின்று மகிழவும் வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

சுவார்டி சூர்யனிங்ராத் என்ற 24 வயது இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் ‘தெ எக்ஸ்பிரஸ்’ என்ற டச்சு மொழி நாளேட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ‘நான் ஒரு டச்சுக்காரனாக இருந்தால்’ என்பது தலைப்பு. நான் டச்சுக்காரனாக இருந்தால், நாமே விடுதலையைப் பறித்து வைத்திருக்கும் மக்களின் நடுவே போய் நம் விடுதலையைக் கொண்டாட மாட்டேன்; அது அநியாயம் மட்டுமில்லை, அறிவீனமும்கூட என்பது அவர் வாதத்தின் சாரம். கட்டுரை மலாய் மொழிக்குப் போனதும் அரசு பதறியது. சுவார்டியும் அவருடைய தோழர்கள் இருவரும் நெதர்லாந்துக்கு நாடுகடத்தப்பட்டார்கள். திரும்பி வந்து 1922-இல் யோக்யகர்த்தாவில் ‘தாமான் சிஸ்வா’ பள்ளியைத் தொடங்கியவரும், பிற்காலத்தில் கீ ஹஜார் தேவந்தாரா என்ற பெயரில் சுதந்திர இந்தோனேசியாவின் முதல் கல்வி அமைச்சரானவரும் இவர்தான். அவருடைய பிறந்த நாளான மே 2 இன்று அந்நாட்டின் தேசியக் கல்வி நாள்.

ஒரு விடுதலை விழாவில் பணம் கொடுப்பவர் யார், ஆடுபவர் யார், உட்கார்ந்து பார்ப்பவர் யார் என்ற கேள்வியைச் சுவார்டி நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பிவிட்டார். இன்றைய இந்தோனேசியா ஆகஸ்ட் 17 அன்று ஆடும் விளையாட்டுகளைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விளையாட்டுகளில் சில காலனி ஆட்சியின் விழாக்களில் ஆடப்பட்டவை. விழாவை நடத்தும் தெரு அமைப்பு ஜப்பானியப் படை விட்டுச்சென்றது. இரண்டையும் மக்கள் தூக்கியெறியவில்லை, எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

*

1945 ஆகஸ்ட் 17 வெள்ளிக்கிழமை. ரமலான் நோன்பு மாதம். ஜப்பான் சரணடைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜகார்த்தாவில் பெகாங்சான் தீமூர் தெருவின் 56-ஆம் எண் வீட்டு முற்றத்தில் காலை பத்து மணிக்குச் சுகர்ணோ விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். மலேரியாக் காய்ச்சலில் இருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். அருகில் முகமது ஹத்தா நின்றார். பிரகடனம் மொத்தமே இரண்டு வாக்கியம். பீரங்கி முழங்கவில்லை, அணிவகுப்பு இல்லை. கொடிக்கம்பம் ஒரு மூங்கில். கொடியைத் தைத்தவர் சுகர்ணோவின் மனைவி பத்மாவதி. வீட்டுத் தையல் இயந்திரத்தில் சிவப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தைத்திருந்தார். நிகழ்ச்சியைப் படமெடுத்தவர்கள் மெண்டூர் சகோதரர்கள். ஒருவருடைய படங்களை ஜப்பானியர்கள் பறித்துக்கொள்ள, மற்றவர் பிரான்ஸ் மெண்டூர் மறைத்துக் காப்பாற்றியவை மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அந்தக் கொடிக்கு நேர்ந்தது தனிக் கதை. பிரகடனத்தை ஏற்காத டச்சு அரசின் படை 1948 டிசம்பரில் யோக்யகர்த்தாவைத் தாக்கியபோது, சுகர்ணோ அதை ஹுசைன் முத்தஹார் என்ற இளம் அதிகாரியிடம் ஒப்படைத்தார். கொடியோடு பிடிபட்டால் கொடி போய்விடும். முத்தஹார் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். நூல் முழுவதையும் உருவியபின் கையில் இருந்தவை ஒரு சிவப்புத் துணியும் ஒரு வெள்ளைத் துணியும் மட்டுமே. இரண்டையும் வெவ்வேறு பைகளில் துணிமணிக்கு அடியில் வைத்தார். சோதனையிட்டவர்கள் எடுத்துப் பார்த்திருந்தாலும் அது வெறும் துணிதான். பல மாதம் கழித்துத் திருப்பித் தரும் வேளை வந்தபோது ஒரு தையல் இயந்திரத்தை இரவல் வாங்கி, பத்மாவதியின் ஊசி விட்டுச்சென்ற அதே துளைகளின் வழியாக மீண்டும் தைத்ததாக முத்தஹார் பின்னாளில் சொன்னார். ஆகஸ்ட் 17 அன்று அதிபர் அரண்மனை முற்றத்தில் 1968 வரை ஏறியது அந்தக் கொடிதான். துணி நைந்துபோனதால் 1969-இலிருந்து அதன் நகலை ஏற்றுகிறார்கள்.

கொடியேற்றும் மாணவர் அணியை உருவாக்கியவரும் முத்தஹார்தான். 1967-இலிருந்து அந்த அணி 17 பேர், 8 பேர், 45 பேர் என்று மூன்று பிரிவாக நடக்கிறது. 17-8-45 என்ற தேதியே கால்களில் நடக்கிறது. மாகாணம் மாகாணமாகத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளிப் பிள்ளைகள் அதற்காகத் தனிப் பயிற்சி எடுக்கிறார்கள். அரண்மனை விழாவைப் பற்றி இவ்வளவு போதும். அது முடியும் இடத்தில்தான் தெருவின் விழா தொடங்குகிறது.

*

தெரு விழாவின் பெயர் ‘துஜூபெலாசான்’. பதினேழாம் தேதிக் கொண்டாட்டம் என்று பொருள். ஜூலைக் கடைசியிலேயே அதன் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். மேற்கு ஜாவாவின் காருத் பகுதியிலிருந்து கொடி வியாபாரிகள் மூட்டையோடு ஜகார்த்தாவுக்கும் பிற நகரங்களுக்கும் வந்துவிடுவார்கள். சாலையோர வேலிகளிலும் மரங்களுக்கு இடையிலும் கயிறு கட்டி, சிவப்பு வெள்ளைக் கொடிகளையும் நீண்டு தொங்கும் தோரணத் துணிகளையும் விரித்துவிட்டால் நடைபாதையே கடையாகிவிடும். அறுவடை இல்லாத வேளையில் கிடைக்கும் இந்த மூன்று வார வருமானம் அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய ஆதரவு.

அதே நாட்களில் தெருக்கூட்டம் கூடும். இந்தோனேசிய நகரங்களிலும் கிராமங்களிலும் சில பத்து வீடுகள் சேர்ந்தது ஒரு ‘ஆர்.டி.’. ருக்குன் தெத்தாங்கா என்பதன் சுருக்கம். இணக்கமான அண்டை வீடுகள் என்று சொல்லலாம். அதற்கு ஒரு தலைவர் உண்டு. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட அரசு ஊழியர் இல்லை, தெருக்காரர்களில் ஒருவர். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் புதிதாகக் குடிவந்தார்கள், எந்த வீட்டில் சாவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இவ்வளவு இதமான பெயர் கொண்ட அமைப்பு எங்கிருந்து வந்தது? ஜாவாவை ஆண்ட ஜப்பானியப் படை 1944 ஜனவரியில் தன் நாட்டின் ‘தோனாரிகுமி’ முறையை அங்கே புகுத்தியது. பத்திருபது வீடுகளை ஒரு அலகாகக் கட்டி, ரேஷன் பிரிப்பதற்கும் நெல் திரட்டுவதற்கும் ஒருவரை ஒருவர் கண்காணிப்பதற்கும் பயன்படுத்தியது. அந்த ஆண்டுகளில் ஜாவாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். நெல்லை அள்ளிச்செல்லப் போடப்பட்ட ஏற்பாடு, படை போன பிறகும் நின்றது. சுதந்திர நாட்டில் அதே வீட்டுக்கூட்டம்தான் இன்று ஆகஸ்ட் 17-க்கு வசூல் செய்கிறது.

வசூல் வீடுவீடாக நடக்கும். முடிந்தவர் கூடுதலாகத் தருவார், முடியாதவர் சமையலுக்கோ வேலைக்கோ வருவார். தெருமுனையில் வளைவு எழும்பும். மூங்கில், பழைய பிளாஸ்டிக் பாட்டில், பழைய டயர் என்று கைக்குக் கிடைத்தது அதில் சேரும். விடுமுறை நாளில் ஆண்களும் பிள்ளைகளும் சாக்கடையைத் தூர்வாரி, நடைபாதை விளிம்புக்குச் சுண்ணாம்படித்து, சுவரில் படம் வரைவார்கள். இப்படி ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு ‘கோத்தோங் ரோயோங்’ என்று பெயர். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லாத சொல் இது. கைத்திறன் உள்ளவர்களுக்கு ஆண்டின் மிக மகிழ்ச்சியான நாட்கள் இவை. வருடம் முழுக்க டயர் கடையில் உட்கார்ந்திருப்பவர் இந்தப் பத்து நாளும் சிற்பி. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே வண்ணக் காகிதம் பின்னி ஊர்வலத்துக்குத் தயாராவார்கள்.

16-ஆம் தேதி இரவு ஜாவாவின் தெருக்களில் ‘திராகாத்தான்’ நடக்கும். விரதமும் கண்விழிப்பும் சேர்ந்த பழைய ஜாவானியத் தவ வழக்கத்திலிருந்து வந்த பெயர். தெரு நடுவில் பாய் விரித்து எல்லோரும் உட்காருவார்கள். மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றைக் கூம்பாக நிறுத்தி, சுற்றிலும் காய்கறியும் முட்டையும் கோழியும் வைத்த ‘தும்பெங்’ நடுவே இருக்கும். பிரார்த்தனை, தேசிய கீதம், பெரியவர் ஒருவரின் பேச்சு, பிறகு கூம்பின் நுனியை வெட்டி மதிப்புக்குரிய ஒருவருக்குக் கொடுத்தல். அந்தக் காலத்தில் பேசும் பெரியவர் கொரில்லாப் போரில் நின்றவராக இருப்பார். டச்சு அரசு பிரகடனத்தை ஏற்காமல் நான்கு ஆண்டு போரிட்டு, 1949 டிசம்பர் 27-இல்தான் ஆட்சியைக் கைமாற்றியது. எந்தப் பாலத்தை எப்போது தகர்த்தோம், எந்த வீட்டுக் கிணற்றடியில் ஒளிந்தோம் என்று அதே தெருவில் உட்கார்ந்து சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். இன்று அந்தத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கும் தெருக்கள் பேறு பெற்றவை.

மேடை நாடகமும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் பார்பரா ஹாட்லி 1982-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யோக்யகர்த்தாவின் குடியிருப்புகளில் துஜூபெலாசான் எப்படி நடக்கிறது என்பதே அதன் பொருள். தேசத்தின் சடங்கும் தெருவின் கூத்தும் ஒரே மேடையில் சந்திப்பதை அவர் ஆய்வுக்குரிய செய்தியாகக் கண்டார். அரசியல் அறிஞர்கள் அரண்மனை உரைகளை அலசிக்கொண்டிருந்த காலத்தில் தெருமேடையைப் பார்க்கப் போனது நல்ல ஆய்வாளரின் கண்.

*

விளையாட்டுகளுக்கு வருவோம்.

எளிமையானது குருபுக் தின்னும் போட்டி. குருபுக் என்பது மரவள்ளி மாவில் செய்து பொரிக்கும் வெள்ளை நிற மொறுமொறுப்பு. நம் அப்பளத்தின் இடம் அங்கே அதற்கு. இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டி, அதிலிருந்து ஆளுக்கு ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் கடித்துத் தின்ன வேண்டும். ஒருவர் கடித்து இழுத்தால் கயிறு ஆடும், பக்கத்தில் இருப்பவரின் குருபுக் வாயைவிட்டு நழுவும். நான்கு வயதுக் குழந்தையும் ஆடலாம், பாட்டியும் ஆடலாம். அடுத்தது சாக்கு ஓட்டம். இப்போது சில இடங்களில் தலையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் மாட்டி, சாக்குக்குள் உடல் முழுவதையும் குறுக்கிக்கொண்டு தத்திப்போகும் புதுவகையும் வந்துவிட்டது. வாயில் கவ்விய கரண்டியில் கோலிக்குண்டு வைத்து நடப்பது, இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் தொங்கும் ஆணியைப் பாட்டிலின் வாய்க்குள் இறக்குவது, மூன்று பேர் ஒரே நீளக் கட்டைச் செருப்பில் கால் நுழைத்து ஒத்த நடையாக ஓடுவது, ஆண்கள் பெண்களின் வீட்டு உடையை மாட்டிக்கொண்டு கால்பந்து ஆடுவது என்று பட்டியல் நீளும். கட்டைச் செருப்பு ஓட்டம் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடமிருந்து நாடு முழுக்கப் பரவியது.

சாக்கு ஓட்டத்துக்கும் குருபுக் போட்டிக்கும் அங்கே எல்லோரும் ஒரு விளக்கம் சொல்வார்கள். ஜப்பானியர் காலத்தில் துணி கிடைக்கவில்லை, மக்கள் சணல் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள குருபுக்கைத் தவிர ஒன்றும் இல்லாதவர்கள் இருந்தார்கள். அந்த நாட்களை மறக்காமலிருக்கவே இந்தப் போட்டிகள் என்பார்கள். சாக்கு உடுத்தியது வரலாற்று உண்மை. ஆனால் சாக்கு ஓட்டம் அதற்கு முன்பே ஐரோப்பியப் பள்ளி விளையாட்டு. அப்படியென்றால் விளக்கம் பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு விளையாட்டு எங்கே பிறந்தது என்பது ஒரு செய்தி. ஆடுகிறவர்கள் அதில் எதை வைத்தார்கள் என்பது வேறொரு செய்தி. சாக்கை உடுத்திய தாய்தந்தையரின் பிள்ளைகள் அந்தச் சாக்குக்குள் இறங்கித் துள்ளும்போது அதற்கு ஓர் அர்த்தம் ஏறிவிடுகிறது. ஆய்வாளர் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை அடிக்கக் கூடாது.

விழாவின் உச்சம் ‘பாஞ்ஜாத் பினாங்’. பாக்கு மரம் ஏறுதல். கண்ணன் பிறந்தநாளுக்கு வழுக்கு மரம் நடும் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களுக்கும், சித்திரைப் புத்தாண்டில் அதைப் பார்த்து வளர்ந்த இலங்கைத் தமிழர்களுக்கும் காட்சி உடனே கண்முன் வந்துவிடும். நேரான, உயரமான பாக்கு மரமாகப் பார்த்து வெட்டி, கணுவைச் சீவி வழவழப்பாக்குவார்கள். எண்ணெய், கிரீஸ், களிமண் கலந்த குழம்பை அடியிலிருந்து நுனிவரை பூசுவார்கள். உச்சியில் ஒரு வளையம். அதில் வாளி, சட்டை, அரிசிப் பை, மின்விசிறி, சில இடங்களில் சைக்கிள் வரை தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறிய சிவப்பு வெள்ளைக் கொடி.

தனியாள் யாராலும் இந்த மரத்தில் ஏற முடியாது. நான்கைந்து பேர் ஓர் அணி. கனமானவர் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பார். அடுத்தவர் அவர் முதுகில் கால்வைத்து ஏறித் தோளில் நிற்பார். அதற்குமேல் இன்னொருவர், அதற்குமேல் எல்லோரிலும் ஒல்லியான ஒருவர். கீழே இருப்பவரின் தோளில் இப்போது மூன்று பேரின் எடையும், கண்ணில் வழியும் கிரீஸும். நடுவில் ஒருவர் கால் நழுவினால் நால்வரும் சேற்றில் சரிவார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் உச்சியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சரிவும் கொஞ்சம் கிரீஸை வழித்துக்கொண்டு போகிறது. அனுபவசாலிகள் சட்டையைக் கழற்றி மரத்தைச் சுற்றித் துடைத்துக்கொண்டே ஏறுவார்கள். முன்னால் விழுந்த அணிகள் துடைத்துக் கொடுத்த மரத்தில்தான் கடைசியில் வரும் அணி ஜெயிக்கிறது. மேலே போனவர் பரிசுகளைப் பறித்துக் கீழே வீசுவார். அடியில் நின்றவருக்கும் சமபங்கு. கிழக்கு ஜகார்த்தாவில் காலிமாலாங் கால்வாய்க் கரைக்காரர்கள் மரத்தைக் கால்வாயின் மேல் நீட்டி நடத்துகிறார்கள், விழுந்தால் தண்ணீர்.

*

இந்த மரத்துக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினாவின் பிறந்தநாள் ஆகஸ்ட் 31. அன்றும், பெரிய வீட்டுத் திருமணம் போன்ற விசேஷங்களிலும் டச்சுக்காரர்கள் இப்படி மரம் நட்டு, நுனியில் பாலாடைக்கட்டி, சர்க்கரை, துணி போன்றவற்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்று சொல்லப்படுகிறது. ஏறுவது உள்ளூர் மக்கள். சரிந்து விழுவதைப் பார்த்துச் சிரிப்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரைமார். வழுக்கு மரம் ஏறுவது ஐரோப்பியச் சந்தைகளிலும் தென்சீனத்திலும் பழைய வழக்கம்தான். அங்கெல்லாம் ஏறுபவரும் பார்ப்பவரும் ஒரே ஊர்க்காரர்கள். காலனியில் மட்டும் பார்வையாளர் ஓர் இனம், ஏறுபவர் இன்னோர் இனம். சுவார்டியை எழுதவைத்த அதே அவமானம்தான் இது.

இந்த வரலாற்றைக் காட்டி, ஆச்சே மாகாணத்தின் லங்சா நகர மேயர் 2019-இல் பாஞ்ஜாத் பினாங்கைத் தடைசெய்தார். அது டச்சுக்காரர் விட்டுச்சென்றது, அதில் கல்வி மதிப்பு எதுவும் இல்லை என்றது அவருடைய உத்தரவு. நாடு முழுக்க வாதம் கிளம்பியது. ஒற்றுமையையும் விடாமுயற்சியையும் கற்றுத்தரும் விளையாட்டு என்றார்கள் ஒரு சாரார். அடிமைக்காலக் கேலிக்கூத்தை ஏன் சுமக்க வேண்டும் என்றார்கள் மறுசாரார்.

இதற்குப் பதில் தேடுமுன் சுமத்ராவின் ரியாவ் மாகாணத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே குவாந்தான் ஆற்றில் ‘பாச்சு ஜாலூர்’ என்ற படகுப் போட்டி நடக்கிறது. ஜாலூர் என்பது ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகு. நீளம் 25 முதல் 40 மீட்டர். துடுப்புப் போடுபவர்கள் நாற்பதிலிருந்து அறுபது பேர். அத்தனை நீளமான மரத்தைக் காட்டில் தேர்ந்தெடுப்பதும், சடங்கு செய்து வெட்டுவதும், ஊரே சேர்ந்து கயிறு கட்டி ஆற்றங்கரைவரை இழுத்துவருவதும் பல மாத வேலை. படகுகள் பழையவை, சரக்கு ஏற்றியவை, ஊர்ப் பெரியவர்களைச் சுமந்தவை. டச்சு ஆட்சி வந்ததும் போட்டி அரசியின் பிறந்தநாள் விழாவாக மாறியது. விடுதலைக்குப் பிறகு மக்கள் அதைச் சில நாள் முன்னால் நகர்த்தி ஆகஸ்ட் 17-ஐ ஒட்டிய விழாவாக்கினார்கள். ஆறு அதே, படகு அதே. யாருக்காகத் துடுப்புப் போடுகிறோம் என்பது மட்டும் மாறிவிட்டது.

ஓடும் படகின் முனையில் நின்று ஒரு சிறுவன் ஆடுவான். தன் படகு முந்துகிறது என்று கரையில் நிற்பவர்களுக்குச் சொல்வது அவன் வேலை. தண்ணீர் தெறிக்கும் குறுகிய பலகையில் நின்று, கறுப்புக் கண்ணாடி அணிந்து, முகத்தில் சலனமே இல்லாமல் கைகளைச் சுழற்றிய ஒரு சிறுவனின் ஆட்டம் 2025-இல் காணொளியாக உலகம் முழுக்கப் பரவியது. ஐரோப்பியக் கால்பந்து வீரர்களெல்லாம் அதை ஆடிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு விடுதலை நாள் விழாவோடு சேர்ந்த கலை என்பது தெரிந்திருக்காது.

*

மக்கள் தாமாக நடத்தும் விழாவை எந்த அரசும் அப்படியே விட்டுவைப்பதில்லை. அதிபர் சுகார்த்தோவின் முப்பதாண்டு ஆட்சியில் தெரு அலங்காரம், வளைவு, சுத்தம் எல்லாமே மேலிடத்து உத்தரவுகளோடும் ஊர்களுக்கிடையிலான பரிசுப் போட்டிகளோடும் வந்தன. வேலிக்கு வெள்ளையடிப்பது விருப்பமாகவும் இருந்தது, கட்டளையாகவும் இருந்தது. 1998-இல் அவர் வீழ்ந்தபின் கட்டளை தளர்ந்தது, வெள்ளையடிப்பு நிற்கவில்லை. அதுவே மக்களின் விருப்பம் உண்மையானது என்பதற்குச் சான்று.

2009-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் சட்டம், ஆகஸ்ட் 17 அன்று வீடுதோறும் தேசியக் கொடி ஏற்ற வேண்டும் என்கிறது. வாங்க வசதியில்லாதவர்களுக்கு உள்ளாட்சி அரசு கொடி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்வது எனக்குப் பிடித்த பகுதி. கொரோனா ஆண்டான 2020-இல் போட்டிகளெல்லாம் நின்றுபோயின. அன்று காலை 10 மணி 17 நிமிடத்துக்கு எல்லோரும் இருக்கும் இடத்திலேயே மூன்று நிமிடம் அசையாமல் நிற்குமாறு அரசு கேட்டுக்கொண்டது.

2025-இல் விடுதலையின் 80-ஆம் ஆண்டு. அந்த ஆகஸ்டில் புதியதொரு கொடி தென்பட்டது. வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோடு. எய்ச்சிரோ ஓடா 1997-இலிருந்து வரைந்துவரும் ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் கொள்ளைக்காரர் கொடி. ஊழல் மிகுந்த உலக அரசை எதிர்த்து நிற்கும் கும்பலின் கதை அது. லாரி ஓட்டுநர்கள் கட்டத் தொடங்கினார்கள், பிறகு வீட்டுவாசல்களிலும் தேசியக் கொடிக்குக் கீழே அது பறந்தது. விலைவாசியாலும் வேலையின்மையாலும் நொந்தவர்களின் மனக்குறை ஒரு பொழுதுபோக்கின் வழியாக விடுதலை நாளுக்குள் வந்துசேர்ந்தது. ஆளுங்கூட்டணித் தலைவர்கள் சிலர் நாட்டைப் பிளக்கும் முயற்சி என்றார்கள்; சட்டம் பாயும் என்றார் ஓர் அமைச்சர். படம் வரையும் பிள்ளைகள் தெருச்சுவரில் வீரர்களை வரைவதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை என்பது என் எண்ணம். தனக்குப் பிடித்ததைக் கொண்டு நாட்டைப் பற்றிப் பேசுவது அந்தத் தெருக்களின் பழைய வழக்கம். அந்தக் கொடியைக் கட்டியவர்கள் விடுதலை நாளைப் புறக்கணிக்கவில்லை; அதைப் பொருட்படுத்தியதால்தான் அன்று கட்டினார்கள்.

அதே ஆண்டு அரசு ஆகஸ்ட் 18 திங்கட்கிழமையையும் விடுமுறையாக அறிவித்தது. மக்கள் போட்டிகள் நடத்தவும் கூடிக் களிக்கவும் நாள் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அரண்மனை தெருவுக்கு வழிவிட்ட தருணமாக இதைப் பார்க்கிறேன்.

*

லங்சா மேயரின் தடை கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். மரம் டச்சுக்காலத்தது என்பது மட்டுமே காரணமானால் சாக்கு ஓட்டத்தையும் படகுப் போட்டியையும், ஜப்பானியர் கட்டிய தெரு அமைப்பையும் சேர்த்துத்தான் விலக்க வேண்டும். மரத்தில் குற்றம் இல்லை. யார் பணம் போட்டது, யார் ஏறுகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிய வாளியையும் சட்டையையும் அதே தெருவின் பிள்ளைகள் ஏறி எடுக்கும்போது, பார்த்துச் சிரிப்பவர் அவர்களுடைய அம்மாவும் அத்தையும் மாமனும். அடுத்த மரத்தில் ஏறப்போவது சிரித்தவரின் மகனாக இருக்கும். இந்தச் சிரிப்பில் அவமானம் இல்லை.

வேறொரு வகை மரமும் இப்போது நடப்படுகிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களில் நிறுவன விளம்பரப் பதாகைகளோடு வரிசை வரிசையாக மரங்கள் நிற்கின்றன. உச்சியில் டிவியும் சைக்கிளும். அவற்றை வாங்க வழியில்லாத இளைஞர்கள் கிரீஸில் சறுக்குவதை, அனுமதிச் சீட்டு வாங்கிய குடும்பங்கள் செல்போனில் படமெடுக்கின்றன. ஏறுபவர்கள் மகிழ்ச்சியாகவே ஏறலாம். பரிசும் அவர்களுக்குத் தேவையானதுதான். ஆனாலும் பணம் ஒரு பக்கம், வியர்வை மறுபக்கம் என்ற பழைய பிரிவு அங்கே திரும்பி வந்துவிட்டது. சுவார்டி உயிரோடு இருந்திருந்தால் அந்த வளாகத்துக்குள் நின்று அதே கட்டுரையை மீண்டும் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

தெருக்களின் மரங்களை எந்த நகராட்சியும் தொடக் கூடாது. தடை வேண்டுமென்றால் விளம்பரப் பதாகை கட்டிய மரங்களிலிருந்து தொடங்கட்டும்.